தூசி அக்கா கண்ட துகள்

தூசி அக்காவின் வீட்டுக்காரர் ஒரு தையல்காரர். இதைவிடப் பொருத்தமில்லாத ஜோடியைத் தேடினாலும் கிடைக்காது. கடையிலிருந்து திரும்பும் மனுஷனை அக்கா வாசற்படியிலேயே நிறுத்தி, இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லி, முன்னும் பின்னும் திருப்பி, சட்டையிலும் தலையிலும் ஒட்டியிருக்கும் நூல் பிசிறுகளை ஒன்று விடாமல் தட்டி எடுத்த பிறகுதான் உள்ளே விடுவாள். போலீஸ்காரன் பிக்பாக்கெட்டைச் சோதிப்பதுபோல இருக்கிறது என்று தெருவில் சிரிப்பார்கள். அவரும் முப்பது வருஷமாகக் கையைத் தூக்கியபடி சிரித்துக்கொண்டுதான் நிற்கிறார்.

பல்கலைக்கழகத்து வேலைக்கு வருவதற்கு முன்னால் அக்கா ஒன்பது வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே இருந்த தலைமை சர்ஜனைக் கண்டால் நர்ஸ்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவரையே ஒருநாள் அக்கா கதவில் மறித்தாள். உள்ளே மேஜைமேல் நோயாளி மயக்கத்தில் கிடக்கிறார், சர்ஜன் ஓடி வருகிறார், அவருடைய ஷூ ஓரத்தில் ஒரு பொட்டு சேறு. மாற்றிவிட்டு வந்தால்தான் ஆச்சு என்று துடைப்பக் கட்டையைக் குறுக்கே வைத்துவிட்டாள். ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்துவிட்டு அவர் ஷூவை மாற்றினார். அதற்கப்புறம் ஊரெல்லாம் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். கிருமிகூட அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வரும் என்பார்.

அந்தப் பேச்சு ஒருநாள் காலை நடையின்போது புரொஃபசர் காதில் விழுந்தது. புரொஃபசர் என்றால் சாதாரண புரொஃபசர் இல்லை. வானத்திலிருந்து ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்கிற, கண்ணுக்குத் தெரியாத கதிர்களைப் பிடித்துப் படம் எடுக்கலாம் என்று இந்த நாட்டில் முதன்முதலில் இறங்கியவர் அவர்தான். இளவயதில் அதைச் சொன்னபோது, வெளிநாட்டுக்குப் போனால்தான் அதெல்லாம் நடக்கும் என்று பெரியவர்கள் கையை விரித்தார்கள். அவர் மீன்தொட்டிக் கண்ணாடி, சைக்கிள் பம்பு, பஸ் முகப்பு விளக்கு, கல்யாண வீட்டுப் போட்டோக்காரர் கழித்துக்கட்டிய கேமரா ஆகியவற்றைச் சேர்த்து ஒரு பெட்டியை உண்டாக்கினார். அதைக் கழுதைமேல் ஏற்றி மலை உச்சிக்குக் கொண்டுபோனார், கயிற்றில் கட்டிச் சுரங்கத்துக்குள் இறக்கினார். மலையிலிருந்து அவர் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, ஆறு மாதம் விடாத ஜலதோஷம். இன்னொன்று, வெளிநாட்டு மேதைகளை உட்கார்ந்து கடிதம் எழுதவைத்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை.

அவருக்கு ஒரு மீசையும் இருந்தது. இருந்தது என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. வெள்ளை வெளேரென்று இரண்டு பக்கமும் மேல்நோக்கிச் சுருண்டு, அவர் அறைக்குள் நுழைவதற்கு முன்பே அது நுழைந்துவிடும். கணக்குப் போடும்போதெல்லாம் அதன் வலது முனையை முறுக்கிக்கொண்டே இருப்பார்.

அவருடைய பெட்டிக்கு மேகப்பெட்டி என்று பெயர். உள்ளே கறுப்பு வெல்வெட் விரித்து, சாராய ஆவியை நிரப்பி, குளிரவைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளே பாய்ந்து போனால், அது போன வழியில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விழும். விமானம் போன பிறகு வானத்தில் புகைக்கோடு நிற்குமே, அந்த மாதிரி. கேமரா அதைச் சட்டென்று படம் எடுத்துவிடும். இதில் ஒரே ஒரு தொல்லை என்னவென்றால், பெட்டிக்குள் தூசி இருந்தால் ஆவி போய் அந்தத் தூசியைக் கட்டிக்கொள்ளும். அப்புறம் பெட்டிக்கும் குளியலறைக் கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியாது. புதுக் கட்டடத்துக்கு மாறிய வருஷத்திலிருந்து அவருக்கு அந்தத் தொல்லைதான். மூன்று துப்புரவுக்காரர்கள் அவர் வாய்க்குப் பயந்து மூட்டை கட்டியிருந்தார்கள். சர்ஜன் நான்காவதாக அக்காவை அனுப்பிவைத்தார்.

அக்கா முதல்நாள் வாசலில் நின்று ஆய்வுக்கூடத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு புரொஃபசரைப் பார்த்தாள். கோட்டு முழுக்கச் சாக்பீஸ் மாவு. இந்த இடத்தில் இருக்கும் அழுக்கிலேயே பெரிய அழுக்கு எது என்று அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

"மொதல்ல நீங்க வெளிய போங்க சார்," என்றாள்.

அந்தத் துறைக்கே தந்தை என்று பேரெடுத்தவர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போய் வராந்தாவில் அரை நாள் நின்றார். மூன்றாவது வாரம் மேகப்பெட்டி இருட்டறை மாதிரிக் கறுத்து, அதில் வெள்ளிக் கம்பி இழுத்தாற்போலக் கோடுகள் விழுந்தன. ஒரு வருஷமாகக் காணாத கோடுகள். அவர் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார். அன்றிலிருந்து, அவளைவிட ஐந்து வயது மூத்தவராக இருந்தும், மாணவர்களோடு சேர்ந்து அவரும் அவளைத் தூசி அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

அவர் வானத்திலிருந்து விழுவதை வகைபிரித்தார் என்றால், அக்கா தரையில் கிடப்பதை வகைபிரித்தாள். துணியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, இது செருப்புத் தூசி, இது காகிதத் தூசி, இது மேல்மாடியில் யாரோ மேஜையை நகர்த்தினதால் விழுந்த சுண்ணாம்பு என்று பிட்டுப்பிட்டு வைப்பாள். புரொஃபசரின் மேஜையில் தினமும் மீசை முடி உதிர்ந்து கிடக்கும். இரண்டு முடி என்றால் கணக்கு சுமுகமாகப் போகிறது என்று அர்த்தம். ஏழு எட்டு கிடந்தால், இன்னைக்கு யாரும் அவர்கிட்ட லீவு கேக்காதீங்க என்று மாணவர்களை எச்சரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அந்தத் துறையில் பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேர் அக்காவின் மீசை ஜோசியம் பார்த்துத்தான் தங்கள் கட்டுரையை அவரிடம் நீட்டியிருக்கிறார்கள்.

இத்தனை இருந்தும் அக்கா தினக்கூலிதான். வந்து பதினெட்டு வருஷம் ஆகியும் தினக்கூலி. ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குக் கூலி கிடையாது. அறுபது முடிந்தால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்பதோடு சரி. அவளுக்கு ஐம்பத்தேழு முடிந்திருந்தது. வீட்டுக்காரருக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அவளை நிரந்தரமாக்கச் சொல்லி, அவள் வந்த வருஷமே புரொஃபசர் எழுதிய கோப்பு பதிவாளர் அலுவலகத்துக்குப் போனதோடு சரி, கிணற்றில் போட்ட கல்தான். எப்போது போய்க் கேட்டாலும் பரிசீலனையில் இருக்கிறது என்றே பதில் வரும். அக்காவும் பரிசீலனை என்பது ஒரு ஊர் என்றும், தன் கோப்பு அங்கே யாரோ சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறது என்றும் கேலி பேசுவாள். உள்ளுக்குள் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் ஒரு கடிதம் வந்தது. மாதக் கடைசி வியாழக்கிழமை குழு கூடும். பணியிடம் மாசற்ற முறையில் பராமரிக்கப்பட்டது என்று சான்று இருந்தால் நிரந்தரம். அக்கா அதை நான்காக மடித்துத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த மாசில்லாத இடம் அதுதான்.

அந்த வியாழனுக்கு நான்கு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில், மாடியில் குடியிருக்கிற நாத்தனார் பத்திரிகையும் கையுமாகப் படியிறங்கி வந்தாள்.

"அண்ணி, உங்க எடம் பேப்பர்ல வந்திருக்கு. 'ஆய்வகத்தில் புதிய துகள்.'"

ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் பார்ட்டிகிள், பார்ட்டிகிள் என்றுதான் பேசுவார்கள். பதினெட்டு வருஷமாக அக்கா கேட்டது அந்தச் சொல்லைத்தான். பத்திரிகைக்காரர் நல்ல தமிழில் எழுதப்போக, வினை வந்து சேர்ந்தது. துகள்னா என்னடி என்று அக்கா கேட்டாள். தூசிதான் அண்ணி, புழுதின்னும் சொல்லலாம், எங்க தமிழ் வாத்தியார் அர்த்தம் எழுதிப்போட்டிருக்கார் என்று நாத்தனார் படிப்பைக் காட்டினாள். அக்கா கையிலிருந்த வேலையைக் கீழே போட்டாள். மேலே படிக்கச் சொன்னாள். நாத்தனார் ராகம் போட்டுப் படித்தாள். இத்தனை ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் இருந்த துகள் இது. உலகின் எந்த ஆய்வகத்திலும் இதுபோன்ற ஒன்று காணப்பட்டதில்லை. இந்த ஆய்வகத்தில் இன்னும் பல துகள்கள் மறைந்திருக்கக்கூடும் என்று பதிவாளர் பெருமிதத்துடன் தெரிவித்தார்.

"பெருமிதமா?" என்றாள் அக்கா. "என்னை ஒழிச்சுக்கட்டறதுல அவருக்குப் பெருமிதமா?"

விடுமுறை நாள் என்றும் பாராமல் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மூன்று மணிநேரம் ஆய்வுக்கூடத்தைத் தலைகீழாகப் புரட்டினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு பொட்டுத் தூசி அகப்படவில்லை. பீரோவுக்கு அடியில் அவள் படுத்துக் கிடந்தபோது புரொஃபசர் வந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்களைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டு, சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், பேப்பர் பார்த்தீர்களா அக்கா என்று கேட்டார்.

"பாத்தேன். எங்க சார் இருந்துச்சு அது?"

"நம்ம பெட்டிக்குள்ளதான்."

"எத்தாப் பெரிசு?"

"கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாததுக்கு நான் எப்படி சார் பொறுப்பு?"

புரொஃபசருக்கு அந்தக் கேள்வி வேதாந்தமாகப் பட்டது. யாரும் பொறுப்பு இல்லை, அது வானத்திலிருந்து தானாகவே வருகிறது என்றார். கூரையில் ஓட்டையா என்று அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கூரை என்ன, மலையையே துளைத்துக்கொண்டு வந்துவிடும் என்று அவர் பெருமையாகச் சொன்னார். வந்தால் எத்தனை நேரம் இருக்கும் என்று அக்கா கேட்க, ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரம்தான், அதற்குள் காணாமல் போய்விடும் என்றார். அக்கா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"பத்து லட்சத்துல ஒரு பங்குக்குள்ள நான் ஓடிவந்து தொடைக்கணுமா? என்ன சார் நியாயம் இது? வெளிச்சம் போட்டுப் பாக்குற நேரம்கூட இல்லையே."

அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. அவர் சிரித்த சிரிப்பில் மேஜைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன. அந்தத் துகள் வேறு, இது பார்ட்டிகிள் அக்கா என்று விளக்கினார். பார்ட்டிகிளா, அதைச் சொல்லியிருந்தால் நான் பாட்டுக்கு வீட்டில் தூங்கியிருப்பேனே என்று அவள் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தாள். பத்திரிகையில் வந்தது அவர் விருப்பத்தாலும் இல்லையாம். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு படத்தில் அது விழுந்ததாம். இரண்டாவது தடவை வரட்டும் என்று அவர் காத்துக்கொண்டிருந்தாராம். போன வாரம் டீ குடிக்கும்போது பதிவாளரிடம் வாய்தவறிச் சொல்ல, அவர் மறுநாளே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, பாராட்டு விழாவுக்கு மேடைக்கும் மாலைக்கும்கூடச் சொல்லிவிட்டாராம்.

"ஆனா அக்கா, ரெண்டாவது தடவை அது வரவே இல்ல. எனக்கு அதான் உறுத்துது," என்றார் புரொஃபசர். சொல்லிக்கொண்டே படத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளைவெளேரென்று ஒரு கோடு. மற்றக் கோடுகளைப்போல நேராகப் போகாமல் அழகாக வளைந்து, நுனியில் சின்னதாக ஒரு கொக்கி போட்டு நின்றது. அந்த வளைவைப் பார்த்ததும் அக்காவுக்குக் கூடப்பிறந்தவரைச் சந்தையில் பார்த்தாற்போல இருந்தது. பதினெட்டு வருஷமாகத் தினமும் காலையில் மேஜைமேல் துணிபோட்டு வழித்தெடுத்தவளுக்குத் தெரியாதா? அது புரொஃபசரின் வலது பக்க மீசை.

ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரரின் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அன்றைக்குப் புரொஃபசர் தானே பெட்டியைத் திறந்து வெல்வெட்டை மாற்றி, ஒரே ஒரு படம் எடுத்திருந்தார். புதன்கிழமை வந்து பார்த்தபோது உள்கண்ணாடியில் ஒரு முடி ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டாள். இரண்டாவது தடவை அது எப்படி வரும்?

"நல்லா இருக்கு சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வாசற்படியில் வழக்கம்போலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அக்கா அவரைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கையை இறக்கி, முப்பது வருஷத்தில் முதல்முறையாகத் தட்டப்படாமல் உள்ளே வந்தார். சட்டை முழுக்க நூல். என்னம்மா ஆச்சு என்று பயந்துபோய்க் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். ஒன்றும் ஆகாது, அவருக்கு மாலை விழும், எனக்குக் கையெழுத்து விழும் என்றாள். சொன்னால்? பெட்டிக்குள் முடி இருந்தது என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும். மாசற்ற பணியிடம் என்று அப்புறம் எவன் சான்று கொடுப்பான்?

வீட்டுக்காரர் சட்டையிலிருந்த நூலைத் தானே ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தருக்குக் காலர் கோணலாத் தச்சுக் குடுத்துட்டேன். அவர் கவனிக்கல. நானும் சொல்லல," என்றார். "இன்னைக்கும் அந்தாளு எதிர்ல வந்தா என் கண்ணு மூஞ்சிக்குப் போகாது. காலருக்குத்தான் போகுது."

 அக்கா எழுந்து அவருடைய முதுகில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் புரொஃபசரின் மேஜையில் பதினோரு முடி கிடந்தது. அதுவரை அப்படிக் கிடந்ததே இல்லை. மனுஷனுக்கு உறக்கமில்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது. நீளமான ஒன்றைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள். அவர் வந்து உட்கார்ந்ததும் படத்தை எடுத்து மேஜைமேல் போட்டு, காகிதத்தைப் பிரித்து, முடியை அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தாள். வளைவு வளைவோடும் கொக்கி கொக்கியோடும் பொருந்தியது.

புரொஃபசர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு வாதம் பண்ணினார். பெட்டியைச் சுற்றிக் காந்தம் இருக்கிறது, காந்தத்துக்குள் போகிற எதுவும் வளையத்தான் செய்யும் என்றார்.

"இது காந்தத்துல வளைஞ்சது இல்ல சார்," என்றாள் அக்கா. "முறுக்குனதுல வளைஞ்சது."

செவ்வாய்க்கிழமையையும் புதன்கிழமையையும் சொன்னாள். துடைத்ததையும் சொன்னாள். அவர் முடியை மைக்ராஸ்கோப்பில் வைத்தார், படத்தை வைத்தார், மறுபடி முடியை வைத்தார். வலது கை தானாக மீசைக்குப் போனது. பாதி வழியில் திடுக்கிட்டுக் கீழே இறங்கியது. ஒரு மணிநேரம் கழித்து நிமிர்ந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. ஆனால் சிரித்தார்.

"நாப்பது வருஷமா வானத்தையே பாத்துட்டு இருந்துட்டேன் அக்கா. மூக்குக்குக் கீழ பாக்கல."

 தன் கோப்பு அவளுக்கு அப்போது நினைவில்கூட இல்லை. இந்த மனுஷனை இனி ஊர் எப்படிப் பேசுமோ என்றுதான் இருந்தது. அவர் அதையெல்லாம் யோசிக்கவே இல்லை. அப்போதே காகிதத்தை இழுத்து, நான் அறிவித்தது புதிய துகள் அல்ல, என்னுடைய மீசை முடி என்று பத்திரிகைக்கும் பதிவாளருக்கும் இரண்டு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அக்காவின் முழுப்பெயரை எழுதினார். அது என்ன என்று அவளிடமே கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது.

மறுநாள் மீசையையும் எடுத்துவிட்டார். இனி ஒரு தடவை அது பெட்டிக்குள் விழக்கூடாது என்பது காரணம். மீசை இல்லாமல் வந்தவரைப் பல்கலைக்கழகக் காவலாளி உள்ளே விடவில்லை. அடையாள அட்டையைக் காட்டினார். அட்டையில் பாதி இடம் மீசை. யாரோ புரொஃபசர் அட்டையைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறான் என்று காவலாளி கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா வந்துதான் மீட்டாள். அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை, செருப்பைத்தான் பார்த்தாள். இவரு நம்ம சார்தான், இந்த ஊருல செருப்பத் தட்டாம வர்ற ஒரே ஆளு இவருதான் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள்.

புதன்கிழமை பத்திரிகையில் 'துகள் அல்ல, மீசை' என்று வந்தது. நாத்தனார் அதையும் ராகம் போட்டுப் படித்தாள். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சலூன் கடைக்காரர்கள், உங்க மீசையில என்ன புதுசா கண்டுபிடிச்சிருக்கீங்க என்று வருகிறவர்களை எல்லாம் கேட்டார்கள். சிரிக்காத ஒரே ஆள் பதிவாளர். மேடைக்காரருக்கும் மாலைக்காரருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

வியாழக்கிழமை அவர் அறையில் குழு கூடியது. குழு என்றால் பதிவாளரும், அவர் தலையசைத்தால் தாங்களும் அசைக்கிற இரண்டு பேரும். அக்கா சுவரோரம் நின்றாள். கூப்பிடாமலே வந்த புரொஃபசர் வழவழவென்ற மேலுதட்டோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பதிவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். ஆய்வகத்தின் மிக முக்கியமான கருவிக்குள் முடி கிடந்தது என்று ஆய்வகத் தலைவரே எழுத்தில் கொடுத்திருக்கிறார், இந்த நிலையில் மாசற்ற பணியிடம் என்று சான்று தருவது எப்படி என்றார். புரொஃபசர் எழுந்து, அன்றைக்கு அந்த அம்மா வேலையிலேயே இல்லை, பெட்டியைத் திறந்தது நான், முடி என்னுடையது, அந்த இடத்தில் இருந்த ஒரே அழுக்கு நான்தான் என்று மேஜையைத் தட்டினார். முடி யாருடையது என்று விதி கேட்கவில்லை, இருந்ததா இல்லையா என்றுதான் கேட்கிறது என்றார் பதிவாளர். அப்புறம் அக்கா பக்கம் திரும்பினார்.

"உங்களை யாரும் கேக்கலையேம்மா. இன்னைக்கு உங்க ஃபைல் வருதுன்னு தெரிஞ்சும் ஏன் போய்ச் சொன்னீங்க?"

"தூசியப் பாத்துட்டு சும்மா போகத் தெரியாது சார்," என்றாள் அக்கா. "வேற ஒண்ணும் இல்ல."

குழுவிலிருந்த இருவரும் முதல்முறையாகப் பதிவாளரைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார்கள். பதிவாளருக்கு அது பிடிக்கவில்லை. தனக்கும் அவள்மேல் அக்கறை உண்டு என்று காட்ட, இந்தக் கோப்பை நாங்கள் ஒருநாளும் ஒதுக்கி வைத்ததில்லை, பதினெட்டு வருஷமாகத் தொடர்ந்து பரிசீலித்துக்கொண்டுதான் இருக்கிறோம், விதிதான் இடம் கொடுக்கவில்லை என்றார். கதவருகே நின்ற பியூனிடம் கோப்பை எடுத்துவரச் சொன்னார். பியூன் உள்ளறைக்குப் போய், பீரோவைத் திறக்கச் சாவியோடு மல்லாடி, கோப்பை அடியில் தாங்கிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் பதிவாளர் தும்மினார்.

அக்காவால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். கோப்பின்மேல் மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தாள். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோப்பின்மேல் தூசி கம்பளி மாதிரி ஒரே கனத்தில், ஒரு கைரேகைகூட விழாமல் படிந்திருந்தது. எத்தனையோ வகைத் தூசியை அவள் துடைத்திருக்கிறாள், எதற்கும் கண் கலங்கியதில்லை. இப்போது கலங்கியது. ஊரில் இருக்கிற மூலை முடுக்கையெல்லாம் துடைத்தவள், தன் பெயர் கிடந்த மூலையைத் துடைக்க வழியில்லாமல் இருந்திருக்கிறாள்.

"இது தொறக்காத பீரோவுல படியற தூசி சார்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நடுவுல யாரும் தொடல. ஒரு தடவைகூட."

பதிவாளர் துணியைப் பார்த்தார்.  புரொஃபசர் எழுந்து வந்து, அக்கா கையிலிருந்த துணியைத் தானும் வெளிச்சத்தில் பிடித்துக் குனிந்து பார்த்தார்.

"இந்த விஷயத்துல அவங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்," என்றார். "நான் இப்பதான் எதிர்த்துப் பேசித் தோத்துட்டு வந்தேன்."

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர், இந்தத் தூசியையும் எழுத்தில் பதிவு செய்யவேண்டியிருக்குமா என்று பதிவாளரிடம் பணிவாகக் கேட்டார். பதிவாளர் பேனாவைத் திறந்தார். கோப்பின் முதல் பக்கத்தைத் திருப்பி, பதினெட்டு வருஷமாக வெறுமையாகக் கிடந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.